ஸ்கேனர் லீன் என்றது, பிளக் கறுத்திருந்தது

வண்டி ஒரு பிக்கப் டிரக். 5.3 லிட்டர் வி8 பெட்ரோல் என்ஜின். இன்டேக் வாயிலில் சிலிண்டருக்கு ஒன்றாகப் பெட்ரோல் பீச்சும் எட்டு இன்ஜெக்டர், காற்றை அளக்க ஹாட் ஒயர் வகை ஏர்ஃப்ளோ சென்சார். இரண்டு பக்கச் சைலன்சர் குழாயிலும் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என மொத்தம் நான்கு ஆக்சிஜன் சென்சார். இரண்டு லட்சம் கிலோமீட்டருக்கு மேல் ஓடியிருந்தது, அதில் பாதி டிரெய்லரை மாட்டிக்கொண்டு ஓடிய ஓட்டம்.

சாவியைக் கொடுக்கும்போதே உரிமையாளர் சொன்னார்: “அண்ணே, ஆக்சிஜன் சென்சார் நாலும் புதுசு. ஏர்ஃப்ளோ சென்சாரும் புதுசு. நானே மாத்தினேன். மாத்தினதுக்கு அப்புறம்தான் இன்னும் மோசமாயிடுச்சு.”

கேஸின் பாதி அந்தக் கடைசி வாக்கியத்திலேயே இருந்தது. நான்தான் அதைக் காதில் வாங்காமல் ஸ்கேனரை எடுக்கப் போய்விட்டேன். இரண்டு மணி நேரம் வீணானது அதனால்தான்.

அவர் சொன்ன குறைகள் இவை. முதலில், டிரெய்லரோடு மேடு ஏறினால் இழுவை இல்லை, மெதுவாக என்ஜின் விளக்கு எரியத் தொடங்கியது. அது சில மாதங்களுக்கு முந்தைய கதை. சென்சார்களை மாற்றிய பிறகு வந்தது வேறு மாதிரி. ஸ்டார்ட் செய்து இரண்டு மூன்று நிமிடத்தில் ஐடிலில் வண்டி உதறும், மிஸ்ஸிங் அடிக்கும், பின்னால் பெட்ரோல் வாடை வரும். எழுதிப் பார்த்தால் இரண்டும் வெவ்வேறு நோய் என்பது பளிச்சென்று தெரிகிறது. பட்டறையில் நிற்கும்போது தெரியவில்லை. ‘கலவைப் பிரச்சினை’ என்று ஒரே மூட்டையாகக் கட்டிக்கொண்டேன்.

முதல் ஸ்கேன்

மூன்று கோளாறுக் கோட்கள் இருந்தன. பி0171, பேங்க் 1 லீன். பி0175, பேங்க் 2 ரிச். பி0300, ஆங்காங்கே மிஸ்ஃபயர், அதாவது சிலிண்டரில் கலவை சரியாக எரியாமல் போவது. பேங்க் என்பது வி8-இன் ஒரு பக்கத்து நான்கு சிலிண்டர். லீன் என்றால் காற்றுக்குப் பெட்ரோல் குறைவு, ரிச் என்றால் அதிகம்.

மேலே போவதற்கு முன், ட்ரிம் பழக்கமில்லாதவர்களுக்கு ஒரு வார்த்தை. பெட்ரோல் மிச்சமில்லாமல் எரிய 1 கிலோ பெட்ரோலுக்கு 14.7 கிலோ காற்று வேண்டும். 10 சதவீதம் எத்தனால் கலந்திருந்தால் 14.1 அளவுக்கு இறங்கும். ஈசியு, அதாவது என்ஜினை நடத்தும் கணினி, முதலில் ஏர்ஃப்ளோ சென்சாரைப் பார்த்து ஒரு கணக்குப் போட்டு இன்ஜெக்டரைத் திறக்கிறது. அப்புறம் முன் ஆக்சிஜன் சென்சாரைப் பார்த்து, கணக்கு சரியா என்று கேட்டுத் திருத்துகிறது. அந்தத் திருத்தம்தான் ட்ரிம். நொடிக்கு நொடி ஆடுவது ஷார்ட் டேர்ம். அந்த ஆட்டத்தைப் பார்த்து ஈசியு பழக்கமாக்கி வைத்துக்கொள்வது லாங் டேர்ம். பிளஸ் என்றால் பெட்ரோலைக் கூட்டுகிறது, மைனஸ் என்றால் குறைக்கிறது. நல்ல என்ஜினில் இரண்டும் சேர்ந்து பத்து சதவீதத்துக்குள் இருக்கும், பழைய வண்டியிலும் பெரும்பாலும் அப்படித்தான்.

இந்த வண்டியில் லாங் டேர்ம் பேங்க் 1-ல் +25, பேங்க் 2-ல் −25. இரண்டும் போய் முட்டி நிற்கின்றன. பேங்க் 1 முன் சென்சார் 0.1 வோல்ட்டை ஒட்டி அசையாமல் கிடக்கிறது, அதாவது லீன். பேங்க் 2 முன் சென்சார் 0.86-ல் அசையாமல் நிற்கிறது, அதாவது ரிச். சாதாரணமாக இந்த வகை சென்சார் 0.1-க்கும் 0.9-க்கும் இடையில் ஏறி இறங்கிக்கொண்டே இருக்க வேண்டும். நடுக்கோடு 0.45.

இந்த எண்களைப் பார்த்ததும் எனக்கு வந்த முதல் யோசனை: ஒரு பக்க இன்டேக் கேஸ்கட்டில் காற்று உறிஞ்சுகிறது, மறுபக்கம் இன்ஜெக்டர் ஒழுகுகிறது. வயதான வி8, இரண்டும் நடக்கக்கூடியவைதான். ஒரே நேரத்தில் இரண்டும், அதுவும் சரிக்குச் சரியாக 25-ம் 25-மாக எப்படி வந்தன என்று அப்போதே கேட்டிருக்க வேண்டும். தேய்மானம் இவ்வளவு ஒழுங்காக வராது.

புகை இயந்திரத்தைப் போட்டு இன்டேக்கில் புகை ஏற்றினேன். ஒரு பிஎஸ்ஐ-க்கும் குறைந்த அழுத்தம்தான், அதற்கு மேல் போனால் நல்ல சீலும் கெட்டுவிடும். எங்கேயும் புகை வரவில்லை. பிரேக் பூஸ்டர் குழாய், பிசிவி வால்வு, திராட்டில் பாடி கேஸ்கட் எல்லாம் இறுக்கமாக இருந்தன. இன்ஜெக்டர் ஒழுகலுக்கு என்ஜினை அணைத்து, இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோல் கொடுக்கும் குழாயான ரெயிலில் அழுத்தம் இறங்குகிறதா என்று பார்த்தேன். பத்து நிமிடத்தில் நகரவே இல்லை. என் யோசனையின் இரண்டு பாதியும் போயிற்று.

பிளக் சொன்னது

வேறு வழியில்லாமல் பிளக்குகளைக் கழற்றினேன். இந்த என்ஜினில் ஒற்றைப்படை சிலிண்டர்கள் பேங்க் 1, இரட்டைப்படை பேங்க் 2. (எல்லா என்ஜினுக்கும் இது பொருந்தாது. முதல் சிலிண்டர் எந்தப் பக்கமோ அது பேங்க் 1 என்பது மட்டும்தான் நம்பக்கூடிய விதி.)

1, 3, 5, 7 நான்கும் உலர்ந்த கரி அப்பி, விரலை வைத்தால் ஒட்டும் கறுப்பு. 2, 4, 6, 8 நான்கும் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளுப்பு. ஈசியு பேங்க் 1-ஐ லீன் என்கிறது, அந்தப் பக்கப் பிளக் ரிச் என்கிறது. ஈசியு பேங்க் 2-ஐ ரிச் என்கிறது, பிளக் லீன் என்கிறது. மிஸ்ஃபயர் எண்ணிக்கையைத் திறந்து பார்த்தால் அதுவும் முழுக்க இரட்டைப்படை சிலிண்டர்களில்தான். ரிச்சாக ஓடும் சிலிண்டர் அவ்வளவு சீக்கிரம் மிஸ் ஆகாது. 25 சதவீதம் பெட்ரோல் குறைந்த சிலிண்டர் நிச்சயம் மிஸ் ஆகும்.

இங்கேதான் உட்கார்ந்து யோசித்தேன். பிளக் பொய் சொல்ல அதற்கு ஒயர் எதுவும் கிடையாது. அது எந்த சிலிண்டரில் இருந்ததோ அதைப் பற்றித்தான் பேசும். ஆக்சிஜன் சென்சார் அப்படி இல்லை. அது குழாயில் ஓர் இடத்தில் இருக்கிறது, அதன் பேச்சு இன்னோர் இடத்தில் கேட்கிறது, நடுவில் ஒன்றரை முழ ஒயரும் ஒரு கப்ளரும் இருக்கின்றன.

அப்போதுதான் ஸ்கேனரில் இரண்டாம் பக்கத்தைத் திறந்தேன். பின் சென்சார்கள் அங்கே இருந்தன. பேங்க் 1 பின் சென்சார் 0.82, ரிச். பேங்க் 2 பின் சென்சார் 0.09, லீன். ஒரே குழாயில், கன்வெர்ட்டருக்கு முன்னால் லீன், பின்னால் ரிச். கன்வெர்ட்டர் ஆக்சிஜனைப் பிடித்து வைத்து விடும், ஆட்டத்தை மட்டுப்படுத்தும், அது அதன் வேலை. லீனான புகையை நிரந்தரமாக ரிச்சாக மாற்றித் தர அதனால் முடியாது. இந்தத் தகவல் முதல் நிமிடத்திலிருந்தே ஸ்கேனரில் இருந்தது, நான் முதல் பக்கத்தோடு நின்றுவிட்டேன். புகை இயந்திரத்தைத் தள்ளிக்கொண்டு வந்த நேரத்தில் ஒரு பொத்தானை அழுத்தியிருக்கலாம்.

சந்தேகம் இப்போது ஒன்றே ஒன்று. இரண்டு முன் சென்சார்களின் கப்ளர்களும் இடம் மாறியிருக்கின்றன. பேங்க் 1 என்று ஈசியு கேட்டுக்கொண்டிருப்பது பேங்க் 2-இன் குரல்.

அப்படி மாறினால் என்ன நடக்கும் என்று நிதானமாகப் பாருங்கள், ரொம்ப அழகான சுழல் இது. பேங்க் 2 லேசாக லீன் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். அதைப் பார்க்கும் சென்சார், ‘பேங்க் 1 லீன்’ என்று ஈசியுவிடம் போய்ச் சேர்கிறது. ஈசியு பேங்க் 1-க்குப் பெட்ரோலைக் கூட்டுகிறது. லீனாக இருக்கும் பேங்க் 2-க்கு அதனால் எதுவும் கிடைக்கவில்லை, ஆகவே சென்சார் மாறவில்லை. இன்னும் கூட்டுகிறது. இதற்கிடையில் பேங்க் 1 உண்மையிலேயே ரிச் ஆகிவிட்டது. அந்தக் குழாயில் உள்ள சென்சார், ‘பேங்க் 2 ரிச்’ என்று போய்ச் சொல்கிறது. ஈசியு பேங்க் 2-க்குக் குறைக்கிறது. ஏற்கெனவே லீனாக இருந்த பக்கம் இன்னும் லீன். ஒவ்வொரு திருத்தமும் தவறைப் பெரிதாக்குகிறது, இரண்டும் எதிரெதிர் எல்லையில் போய் முட்டும் வரை. சரிக்குச் சரி 25-ம் 25-ம் வந்த கணக்கு இதுதான்.

யூகம் போதாது, நிரூபிக்க வேண்டும். கோட்களையும் ட்ரிம்மையும் அழித்துவிட்டு, ஆறிய என்ஜினை ஸ்டார்ட் செய்தேன். சென்சார் சூடாகும் வரை ஈசியு அதைக் கேட்பதில்லை, தன் கணக்கை மட்டும் வைத்து ஓட்டும். அந்த நேரம் முழுக்க என்ஜின் பட்டு மாதிரி ஓடியது. இந்த ஓப்பன் லூப் முடிந்து, சென்சாரைக் கேட்டு ஓட்டும் குளோஸ்டு லூப் வந்ததும், ஸ்கேனரின் வரைபடத்தில் இரண்டு கோடுகளும் கத்தரிக்கோல் விரிவது போல மேலும் கீழுமாகப் பிரிந்தன. கொஞ்ச நேரத்தில் உதறல் ஆரம்பம். உரிமையாளர் சொன்ன ‘இரண்டு மூன்று நிமிடம்’ இதுதான்.

அடுத்து, என்ஜின் ஓடும்போதே 3-வது சிலிண்டரின் இன்ஜெக்டர் கப்ளரைக் கழற்றினேன். பிளக் ஒயரைப் பிடுங்காமல் இன்ஜெக்டரைக் கழற்றுவதற்குக் காரணம் உண்டு. பிளக்கை நிறுத்தினால் எரியாத பெட்ரோல் கன்வெர்ட்டருக்குள் போய் அங்கே எரியும், கன்வெர்ட்டர் உருகும். இன்ஜெக்டரை நிறுத்தினால் அந்த சிலிண்டர் வெறும் காற்றைத்தான் தள்ளும். அதாவது பேங்க் 1 குழாயில் ஆக்சிஜன் திடீரென்று கூடும், பேங்க் 1 சென்சார் சரிய வேண்டும். சரிந்தது ஸ்கேனரில் ‘பேங்க் 2’ என்று இருந்தது. 0.86-லிருந்து 0.1-க்கு. கப்ளரை மாட்டினேன், ஏறியது. மீண்டும் கழற்றினேன், சரிந்தது. இனி வாதமில்லை.

ஜாக்கியில் தூக்கிப் பார்த்தால், கியர்பாக்ஸுக்கு மேலே இரண்டு முன் சென்சார் கப்ளர்களும் ஒரு சாண் இடைவெளியில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. ஒரே வடிவம், ஒரே நிறம், ஒயர் நீளமும் இரண்டுக்கும் எட்டும். படுத்துக்கொண்டு, கையை மேலே விட்டு, பார்க்காமல் மாட்ட வேண்டிய இடம். யார் செய்தாலும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மாற்றி மாட்டி, ட்ரிம்மை மீண்டும் அழித்து ஓட்டினேன். ஐடிலில் பேங்க் 1 +3, பேங்க் 2 +4. சென்சார்கள் இரண்டும் ஆட ஆரம்பித்தன.

ஆக்சிஜன் சென்சாரைப் பற்றி ஒன்று சொல்லிவிட்டுப் போகிறேன். 1976-இல் பாஷ் நிறுவனம் இதை உற்பத்திக்குக் கொண்டுவந்து, வோல்வோ 240 காரில் முதலில் வந்ததிலிருந்து இதன் அடிப்படை மாறவில்லை. சிர்க்கோனியா பீங்கானின் ஒரு பக்கம் வெளிக்காற்று, மறுபக்கம் எக்ஸாஸ்ட் புகை. இரு பக்க ஆக்சிஜன் வித்தியாசம்தான் வோல்ட். ஏறத்தாழ 300 டிகிரிக்கு மேல் சூடானால்தான் பேசும், அதற்காகத்தான் உள்ளே ஹீட்டர். பெட்ரோல் இருக்கிறதா என்று அதற்குத் தெரியாது. மிஸ் ஆகும் சிலிண்டர் எவ்வளவு பெட்ரோலை வெளியே தள்ளினாலும், எரியாத ஆக்சிஜனும் கூட வருவதால் சென்சார் ‘லீன்’ என்றுதான் சொல்லும். எக்ஸாஸ்ட் குழாயில் ஓட்டை இருந்து வெளிக்காற்று உள்ளே வந்தாலும் ‘லீன்’தான். இதை இங்கே சொல்வதற்குக் காரணம் கடைசியில் வரும். இப்போது வரும் பல வண்டிகளில் முன்னால் இருப்பது வைடு பேண்டு வகை, அதில் எண்கள் வேறு மாதிரி நடக்கும். இங்கே சொன்ன வோல்ட்களை அதில் தேடாதீர்கள்.

பழைய நோய்

வண்டி ஐடிலில் அழகாக நின்றது. அனுப்பிவிடலாம் என்று தோன்றியது. ஆனால் அவர் சென்சார்களை எதற்காக மாற்றினார்? மேட்டில் இழுவை இல்லை என்றுதானே? கேட்டதும் கைபேசியில் ஒரு படத்தைத் தேடி எடுத்துக் காட்டினார். மாற்றுவதற்கு முன் ஸ்கேன் செய்தபோது எடுத்தது. பி0171, பி0174. இரண்டு பேங்கும் லீன். கூடவே ஃப்ரீஸ் ஃப்ரேம், அதாவது கோட் விழுந்த நொடியில் ஈசியு பதிந்து வைத்த நிலவரம்: 2,400 ஆர்பிஎம், லோடு 68 சதவீதம், என்ஜின் நல்ல சூடு. கோட்டை அழிக்கும்போது இதுவும் அழிந்துவிடும். அவர் படம் எடுத்து வைத்திருந்தது பெரிய உபகாரம்.

இரண்டு பேங்கும் ஒன்றாக லீன் என்றால், இரண்டுக்கும் பொதுவான எதையோ தேட வேண்டும். ஒரே நேரத்தில் இரண்டு முன் சென்சாரும் ஒரே அளவுக்குக் கெடுவது அபூர்வம். பொதுவானவை மூன்று: காற்றை அளப்பது, அளக்காத காற்று நுழைவது, பெட்ரோல் வருவது. இன்டேக்கில் காற்று நுழைந்தால் ஐடிலில்தான் ட்ரிம் அதிகம் ஏறும், ஏனென்றால் ஐடிலில் மொத்தக் காற்றே கொஞ்சம், அதில் திருட்டுக் காற்றின் பங்கு பெரிது. 2,500 ஆர்பிஎம்மில் அது கரைந்துவிடும். இங்கே ஐடிலில் +3, +4. புகைச் சோதனையும் ஏற்கெனவே சுத்தம். ஆக அது கழிந்தது.

டிரெய்லரை மாட்டிக்கொண்டு சாலைக்குப் போனோம். பையன் ஸ்கேனரைப் பிடித்துக்கொண்டான். சமதளத்தில் +5, +6. ஏற்றத்தில் +13, +14, இரண்டு பக்கமும் சேர்ந்தே ஏறுகிறது. அப்புறம் ஆளில்லாத நேரான ஏற்றத்தில் ஆக்சிலேட்டரை முழுவதும் மிதித்தேன். முழு மிதியில் ஈசியு வேண்டுமென்றே கலவையை ரிச் ஆக்கும், 12.5 அளவுக்கு. இரண்டு முன் சென்சாரும் 0.85-க்கு மேல் நிற்க வேண்டும். தொடக்கத்தில் 0.88 காட்டின. 3,400 ஆர்பிஎம்மைத் தாண்டியதும் இரண்டும் ஒன்றாக 0.1-க்கு விழுந்தன. உடனே காலை எடுத்துவிட்டேன். முழு லோடில் லீனாக ஓடும் என்ஜின் நாக்கிங் அடித்து பிஸ்டனைத் தின்னும். தகவல் வேண்டும் என்பதற்காக அதை நீட்டக்கூடாது, ஐந்தாறு நொடி போதும். ஸ்கேனர் பதிவு செய்துகொண்டிருக்கும்.

அளப்பதில் தவறா, வருவதில் குறையா? தூசி ஒட்டிய ஏர்ஃப்ளோ சென்சாரும் இதே அறிகுறியைத்தான் தரும். காற்று அதிகம் போகும்போது குறைத்துக் காட்டும், ஈசியு அதற்கேற்ற பெட்ரோலைத்தான் கொடுக்கும், இழுவை போகும். இதனால்தான் பலர் கண்ணை மூடிக்கொண்டு ஏர்ஃப்ளோ சென்சாரை மாற்றுகிறார்கள். ஆனால் ஒரு காகிதமும் பேனாவும் இருந்தால் இதைத் தீர்த்துவிடலாம்.

5.3 லிட்டர் என்ஜின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை 5.3 லிட்டர் காற்றை இழுக்கிறது. 4,000 ஆர்பிஎம்மில் நிமிடத்துக்கு 2,000 முறை, அதாவது 10,600 லிட்டர். கடல் மட்டத்தை ஒட்டிய இடத்தில், 25 டிகிரியில், ஒரு லிட்டர் காற்று ஏறக்குறைய 1.18 கிராம். நிமிடத்துக்குச் சுமார் 12,500 கிராம், நொடிக்கு 208. எந்தச் சாதாரண என்ஜினும் முழுசாக நிரம்பாது. ஆரோக்கியமான ஒன்று 80 சதவீதம் நிரம்பினால், நொடிக்கு 167 கிராம். பதிவை ஓட்டிப் பார்த்தேன். 4,000-ஐத் தொட்ட நொடியில் 171. ஏர்ஃப்ளோ சென்சார் நேர்மையாக எண்ணியிருக்கிறது. பழைய சென்சாரைக் கழற்றி எறியாமல் பெட்டியிலேயே வைத்திருந்தார். ஆசைக்கு அதையும் மாட்டி ஒருமுறை போய்வந்தோம். 169. அவர் முகத்தைப் பார்க்க எனக்கே சங்கடமாக இருந்தது.

காற்று சரி என்றால் பெட்ரோல். ரெயிலில் பிரஷர் கேஜை மாட்டி, நீளக் குழாயை பானெட் இடுக்கு வழியாக வெளியே எடுத்து, கேஜை முன் கண்ணாடியில் டேப் போட்டு ஒட்டினேன். இந்த என்ஜினுக்கு 55 முதல் 62 பிஎஸ்ஐ இருக்க வேண்டும். ஐடிலில் 57. பட்டறையில் நிற்கும்போது ரேஸ் கொடுத்தாலும் 56. பலர் இங்கே நிறுத்தி, அழுத்தம் சரி என்று எழுதிவிடுவார்கள். ஏற்றத்தில் முழு மிதியில் முள் இறங்க ஆரம்பித்து 38-ல் நின்றது.

இன்ஜெக்டர் வழியே போகும் பெட்ரோல், அழுத்தத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்ப மாறும். 38-ஐ 57-ஆல் வகுத்தால் 0.67, அதன் வர்க்கமூலம் 0.82. ஈசியு 12.5 கொடுப்பதாக நினைத்துக்கொண்டிருக்க, உண்மையில் சிலிண்டரில் நடப்பது 12.5-ஐ 0.82-ஆல் வகுத்தது, 15.2. அதனால்தான் சென்சார் 0.1-க்கு விழுந்தது. எண்கள் இப்படி ஒன்றோடொன்று பொருந்தி வரும்போது வரும் நிம்மதியே தனி.

பம்ப்பை மாற்றலாமா?

“அப்போ பம்ப் போயிடுச்சா அண்ணே?” என்றார். டேங்கை இறக்கிப் பம்ப்பை மாற்றுவதுதான் வழக்கமான அடுத்த படி. புது பம்ப் போட்டிருந்தால் ஓரளவு சரியாகியும் இருக்கும், சில மாதம். ஏற்கெனவே ஐந்து சென்சார் வாங்கியவரிடம் இன்னொன்று வாங்கச் சொல்வதற்கு முன், பம்ப்புக்குச் சாப்பாடு போகிறதா என்று பார்ப்பதுதான் முறை.

என்ஜின் ஓடும்போது பேட்டரியில் 14.1 வோல்ட். டேங்குக்கு மேலே உள்ள கப்ளரின் பின்பக்கம் ஊசியைச் செருகி அளந்தேன். பேட்டரி பாசிட்டிவுக்கும் பம்ப்பின் பாசிட்டிவுக்கும் இடையே 0.3 வோல்ட் இழப்பு. அந்த நீளத்துக்கு ஒயர், ஃபியூஸ், ரிலே எல்லாம் சேர்த்து இது போகட்டும். பம்ப்பின் நெகட்டிவுக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் இடையே 2.4 வோல்ட். எர்த்தில் 0.1-க்கு மேல் இருந்தாலே நான் ஒயரைத் தேடிப் போவேன். பம்ப்புக்குக் கிடைப்பது 11.4 வோல்ட்தான். ஐடிலில் என்ஜின் குடிப்பது கொஞ்சம் என்பதால் மெதுவாகச் சுற்றும் பம்ப்பும் சமாளிக்கிறது. டிரெய்லரோடு மேடு ஏறும்போது சமாளிக்க முடியவில்லை.

கிளாம்ப் மீட்டரில் பம்ப் 7 ஆம்பியர் எடுத்தது. 2.4-ஐ 7-ஆல் வகுத்தால் 0.34 ஓம். இதையே என்ஜினை அணைத்துவிட்டு ஓம்ஸ் மீட்டரில் அளந்திருந்தால், மீட்டர் ஒயரின் 0.2-யும் சேர்ந்து 0.5 காட்டியிருக்கும், எர்த் நல்லாத்தான் இருக்கு என்று சொல்லியிருப்பேன். கரண்ட் ஓடும்போது வோல்ட்டை அளப்பதைத் தவிர எர்த்தைச் சோதிக்க நம்பகமான வழி எனக்குத் தெரிந்து இல்லை.

ஒயரைப் பிடித்துக்கொண்டே போனால், டேங்கை ஒட்டிய சேசிஸில் ஒரு போல்ட்டில் முடிந்தது. மேலே சேறு காய்ந்து கெட்டியாக இருந்தது. சுரண்டினால் உள்ளே ஒயர் முனை வளையமான ஐலெட்டுக்கும் சேசிஸுக்கும் நடுவில் துரு, ஐலெட்டுக்குள் செம்பு இழைகளில் பச்சைக் களிம்பு, ஒயரின் உறை ஒரு விரலளவு பழுப்பேறி மொடமொடவென்று இருந்தது. 2.4 வோல்ட், 7 ஆம்பியர் என்றால் கிட்டத்தட்ட 17 வாட், ஒரு சின்ன சோல்டரிங் அயர்ன் அளவு சூடு, அந்த ஒரே மூட்டில், வண்டி ஓடும் நேரமெல்லாம்.

கறுத்த ஒயரை வெட்டி, புது ஐலெட் அழுத்தி, சேசிஸை வெள்ளை இரும்பு தெரியும் வரை தேய்த்து, முறுக்கி, மேலே கிரீஸ் பூசினேன். எர்த் இழப்பு 0.06 வோல்ட். அதே ஏற்றம், அதே டிரெய்லர், முழு மிதி: 55 பிஎஸ்ஐ. சென்சார்கள் இரண்டும் 0.88-ல் கடைசி வரை நின்றன. லோடில் ட்ரிம் +4, +5. பம்ப் பழையதேதான்.

ஒரு டிக் டிக் சத்தம்

வண்டியை ஓர் இரவு நிறுத்திவைத்து, காலையில் ஆறிய என்ஜினை ஸ்டார்ட் செய்து பார்ப்பது என் வழக்கம். ஸ்டார்ட் செய்ததும் பேங்க் 2 பக்கம் பின்னாலிருந்து மெல்லிய டிக் டிக் சத்தம். குளோஸ்டு லூப் வந்ததும் பேங்க் 2 ட்ரிம் +9. பேங்க் 1 +2. ஐந்தாறு நிமிடத்தில் என்ஜின் சூடேற, சத்தமும் அடங்கியது, +9-ம் +4-க்கு இறங்கியது. டார்ச் அடித்துப் பார்த்தால், எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் கடைசி போல்ட்டுக்குத் தலையே இல்லை. ஆறியிருக்கும்போது இடைவெளி, சூடேறி விரிந்ததும் அடைப்பு. எக்ஸாஸ்ட்டின் ஒவ்வொரு உந்தலுக்கும் நடுவே குழாயில் அழுத்தம் ஒரு கணம் இறங்கும், அந்தக் கணத்தில் வெளிக்காற்று உள்ளே போகும், சென்சார் அதை ‘லீன்’ என்று எண்ணும்.

உடைந்த போல்ட்டை எடுக்க அரை நாள் பிடித்தது. அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. வெல்டிங்கில் நட்டு ஒட்டி, பொறுமையாகத் திருகியதுதான். மறுநாள் காலை பேங்க் 2 +3.

முந்தைய நாளிலிருந்து ஒரு கேள்வி எனக்குள் இருந்தது. கப்ளர் மாறியிருந்தபோது, ஏன் எப்போதும் பேங்க் 1 மேலேயும் பேங்க் 2 கீழேயும் போயின? எத்தனை முறை அழித்து ஸ்டார்ட் செய்தாலும் அதே பக்கம்தான். சுழலுக்குத் திசை கிடையாது, யாராவது முதலில் தள்ளிவிட வேண்டும். தள்ளியது இந்தப் போல்ட்தான். ஆறிய என்ஜினில் பேங்க் 2 குழாய் காற்றை உறிஞ்சும், அங்கிருந்த சென்சார் லீன் என்று சொல்லும், அந்தச் சொல் பேங்க் 1-இன் கணக்கில் விழும், ஈசியு பேங்க் 1-க்குக் கூட்டத் தொடங்கும். என்ஜின் சூடேறி ஓட்டை அடைபடும் நேரத்துக்குள் கத்தரிக்கோல் விரிந்து முடிந்திருக்கும்.